நாற்பது டாலர் பாக்கி

அயோவாவில், ஆற்றைப் பார்த்த மேட்டில்
ஒரு வீடு இத்தாலியாக நடிக்கிறது.
கட்டியவன் இத்தாலியைக் கண்டதில்லை,
கட்டச் சொன்னவனும் கண்டதில்லை.
தபாலில் வந்த மாதிரிப் புத்தகத்தில்
மூலை மடித்த ஒரு பக்கம்
இருவருக்கும் போதுமானதாயிருந்தது.

வர்ணம் சுரண்டுவது என் வேலை.
மேலே வெள்ளை. அதற்கடியில் இன்னொரு வெள்ளை.
பிறகு சவ அடக்க நிலையத்துச் சாம்பல்,
வாடகை அறைகளாய் இருந்த காலத்து மலிவுப் பச்சை.
எல்லாவற்றுக்கும் அடியில்
நறநறக்கும் ஒரு பழுப்பு:
ஈர வர்ணத்தின்மேல் கைகையாய் மணலை வீசி
பைன் மரத்தைக் கல்லென்று நம்பவைத்திருக்கிறார்கள்.
நூற்றைம்பது வருடம் கழித்தும்
அந்தப் பொய் என் சுரண்டியை மழுக்குகிறது.

ஒல்லி ஒல்லியாய் உயர்ந்த ஜன்னல்கள்.
ஒவ்வொன்றின் மேலும் தூக்கிய புருவம்,
எதையோ கேட்டு வியந்து
முகத்தை இறக்க மறந்தவை போல.

உச்சியில் நாலுபக்கமும் கண்ணாடி வைத்த கூண்டு.
அம்ப்ரோஸ் தேக்கர் அங்கே ஏறித்தான்
தன் மூன்று நீராவிப் படகுகளும்
வளைவு திரும்புவதைப் பார்ப்பானாம்.
வீடு முடிந்து ஐந்தாம் வருடம் பாலம் வந்தது.
கோதுமை அதன்பின்
ஆற்றைக் கடந்து போயிற்று,
ஆற்றோடு போகவில்லை.
பிறகும் ஏறினானா தெரியாது.
படிக்கட்டுக் கைப்பிடி மட்டும்
கடைசி வளைவுவரை தேய்ந்திருக்கிறது.

இறவாரத்துக்குக் கீழே போதிகைகள்,
இரண்டிரண்டாய், தோளோடு தோள்,
மொத்தம் அறுபத்துநான்கு.
பெரிய சுருள் மேலே, சின்னச் சுருள் கீழே.
வடகிழக்கு மூலையில் ஒன்று மட்டும்
தலைகீழ்.

தரையிலிருந்து தெரியாது.
புறாக்களுக்குத் தெரியும்.
சாரத்தில் ஏறிய எனக்குத் தெரிந்தது.
பிற்பாடு யாரோ பழுது பார்த்ததில் வந்த பிசகு என்றுதான்
முதலில் நினைத்தேன். ஆணிகளைப் பார்த்தேன்.
நாலும் சதுரத் தலை, நாலும் முதல் நாளின் ஆணிகள்.

கழற்றினால், சுவரோடு ஒட்டிக் கிடந்த முதுகில்
பென்சில் எழுத்து, நேற்று எழுதியது போல.
பழைய ஜெர்மன் கையெழுத்து. படம் எடுத்து
படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினோம்.
இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது:

‘நாற்பது டாலர் பாக்கி.
தருகிற நாளில் நேராக்குவேன்.
யோகும் ஸ்ட்ரூவ, தச்சன்.’

செனாடா இரவுப்பணி முடிந்து வந்து
தாதி உடுப்போடு புல்லில் நின்றாள்.
போஸ்னியாவிலிருந்து ஏழு வயதில் வந்தவள்;
வரிபாக்கி ஏலத்தில் வீட்டை எடுத்தவள்.
‘கொடுத்தார்களா அவனுக்கு?’ என்றாள்.
‘தலைகீழாகத்தானே இருக்கு’ என்றேன்.

வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு வட்டி கணக்குப் போடத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டாள்.

மானியப் படிவத்தில் ஒரு கேள்வி:
‘உறுப்புகள் மூல நிலைக்கு மீட்கப்பட்டனவா?’
மூல நிலை எது?
புத்தகத்தில் அச்சானதா,
கூலி வராத சனிக்கிழமை மாலையில்
ஏணிமேல் ஒருவன்
தன் கையால் திருப்பி அறைந்ததா?
பதில் எழுதக் கொடுத்த இடம்
ஒரு பெட்டி, ஒரு டிக்.

மூன்று பூச்சு பூசினேன். மணலும் வீசினேன்,
அடியில் கிடைத்த அதே பழுப்பில்.
தலைகீழாகவே மாட்டினேன்,
நாலு ஆணிக்கு ஆறு திருகாணி.
முதுகில் நான் எதுவும் எழுதவில்லை.
பென்சிலின் மேல் வர்ணம் படாமல்
மெழுகுத்தாள் ஒட்டினேன்.

பில்லில் இப்படிப் போட்டேன்:
போதிகை, நேர், அறுபத்துமூன்று.
போதிகை, தலைகீழ், ஒன்று.
இரண்டுக்கும் ஒரே விலை.
செனாடா அன்றைக்கே கொடுத்துவிட்டாள்.