இயன்றவரை

வாசலில் கைப்பேசியை வாங்கிக்கொண்டு
பித்தளை வில்லை ஒன்று தருவார்கள்.
எனக்கு எப்படியோ தினமும் முப்பத்தொன்று.
பேனாவுக்குத் தடையில்லை,
கோடு போட்ட நோட்டுக்கும்.

பார்வையாளர் மாடத்தில்
கால்மேல் கால் போடக்கூடாது,
கை தட்டக்கூடாது, தூங்கக்கூடாது.
கீழே மூன்றும் நடக்கும்.

நோட்டில் கட்டங்கள் நானே போட்டவை:
எண், அறிமுகமான நாள், குழுவுக்குப் போன நாள்,
திரும்பிய நாள், வாக்கெடுப்பு, கோப்பு எங்கே.
கடைசிக் கட்டத்தைத்தான் அகலமாகப் போடவேண்டும்.
போன கூட்டத்தொடரில் கற்றது.

இந்த முறை பதினோரு மசோதாக்கள்.
சாராய உரிமத்துக்கே இரண்டு.
நான் விடுப்பெடுத்து வந்தது ஏழாம் எண்ணுக்கு:
இறந்தோரைப் பொதுப்பாதையில் கொண்டுசெல்லும் உரிமை.
உயிரோடு நடப்பவர்களுக்கு
இன்னும் எண் போடவில்லை.

பாகூருக்குத் தெற்கே
எங்கள் தெருமுனையிலிருந்து சுடுகாட்டுக்கு
தார்ச்சாலையில் இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி.
எண்ணியிருக்கிறேன், காய்கறிப் பையோடு.
பாடையோடு போனால் அது வேறு தூரம்.
வாய்க்காலில் இறங்கி,
நடவு வயலில் முழங்கால் சேறு,
யாருடைய கரும்பையோ சுற்றி ஒரு மணிநேரம்.
ஐப்பசி மழையில் தங்கை புருஷன் கலியவரதனை
நாலுபேர் தூக்க,
அந்த நாலுபேரை நாலுபேர் தூக்கினார்கள்.
சங்கு ஊதுகிறவன் வாயெல்லாம் மழை.

மூன்றாம் நாள் அறிமுகம்.
நான்காம் நாள் ரேஷன் அரிசிக்கு வெளிநடப்பு,
ஐந்தாம் நாளும்.
குழுவிலிருந்து திரும்பி வந்தபோது
மசோதா இளைத்திருக்கவில்லை,
ஒரு சொல் கூடியிருந்தது.
நான்காம் பிரிவு, இரண்டாம் வரி,
'பொதுப்பாதை வழியாக' என்பதற்கு முன்னால்
'இயன்றவரை'.

நல்ல தமிழ்தான். குறை சொல்ல முடியாது.
யாருக்கு இயன்றவரை என்று மட்டும் எழுதவில்லை:
தூக்குகிறவருக்கா,
பாதையோரம் கைகட்டி நிற்கிறவருக்கா,
இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு
ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளருக்கா?

ஆதரிப்போர் ஆம் என்க.
ஆம்.
எதிர்ப்போர் இல்லை என்க.
மின்விசிறிகள்.
எங்கள் தொகுதிக்காரர்
கண்ணாடியைத் துடைத்தபடி ஆம் சொன்னார்.
எல்லாம் மூன்று நிமிடம் நாற்பது நொடி.
கை தட்டத்தான் தடை இருக்கிறதே,
தடையில்லாவிட்டால் தட்டியிருப்பேனா
என்பது தெரியாமலே போயிற்று.

வில்லையைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஏட்டு தேசிங்கு கேட்டார், "ஏழு என்னாச்சு?"
அந்தத் தார்ச்சாலை அவர் வீட்டைத் தாண்டித்தான் போகிறது.
"பாஸாயிடுச்சு சார்."
"நல்லது" என்றார்.
பெட்டியைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு,
"இப்பவும் போகலாமே, யாரு தடுத்தா?"
அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

தவறிய அழைப்புகள் ஒன்பது, எல்லாம் தங்கை.
"ஆச்சா?"
"ஆச்சு."
"அப்ப ரோட்டுலயே தூக்கலாமா?
எதிர்வீட்டு அய்யாக்கண்ணுக்கு
காலையிலேர்ந்து மூச்சு இழுக்குது."

பூங்காவின் இரும்பு வேலி கையில் சுட்டது.
கையெழுத்து வேண்டும், அரசிதழில் வரவேண்டும்,
நடுவில் டில்லி இருக்கிறது என்றேன்.
அவள் பேசவில்லை.
பின்னால் யாரோ வெந்நீர் கேட்டார்கள்.

ஆளுநர் மாளிகை பூங்காவுக்கு அந்தப்பக்கம்தான்.
பேருந்துக்கு நேரமிருந்ததால் குறுக்கே நடந்து எண்ணினேன்.
பேரவை வாசலிலிருந்து அந்த வாசலுக்கு
முன்னூற்று நாற்பத்தாறு தப்படி.
நல்ல நிழல். சேறு இல்லை, வாய்க்கால் இல்லை,
ஒருவரும் மறிக்கவில்லை.

போன வருடத்து இரண்டாம் எண்
இன்னும் வந்துகொண்டிருக்கிறது.