மாறிலி

வேதாளைக்கும் மண்டபத்துக்கும் நடுவில்
தகரக் கூரை போட்ட நண்டுக் கம்பெனி.
கச்சான் அடிக்கிற நாள்களில்
ரயில் சத்தம் அந்தக் கூரையில் ஏறி
சரிந்து இறங்கும்.

அங்கேதான் போனேன்,
இரண்டு கட்டு வினாத்தாளும்
ஒரு பெட்டி நீலப் பேனாவுமாக.
ஆய்வுத் தலைப்பு இவ்வளவு நீளம்:
கடல் உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களில்
ஊழியர் ஈடுபாடும் போட்டி உத்தியும்,
ராமநாதபுரம் கடற்கரையைச் சிறப்பாகக் கொண்டு.

உள்ளே குளிர்.
வெள்ளைத் தொப்பிகளுக்குக் கீழே
நாற்பத்தொரு பெண்கள்.
அவித்த ஓலைக்கால் நண்டை உடைத்து
கொடுக்குச் சதை ஒரு கிண்ணத்தில்,
முதுகுச் சதை ஒரு கிண்ணத்தில்.
கிலோவுக்குத்தான் கூலி.
ஓட்டுத் துண்டு ஒன்று சதையில் கிடந்தால்
அந்தக் கிண்ணம் கணக்கில் இல்லை.

என்னிடம் முப்பத்திரண்டு கூற்றுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்,
முற்றிலும் மறுக்கிறேன் தொடங்கி
முற்றிலும் ஏற்கிறேன் வரை.
பதினான்காவதை
வாய்விட்டு வாசித்தது நம்புஈஸ்வரி:
'இந்த நிறுவனத்தை என் குடும்பமாக உணர்கிறேன்.'
"குடும்பத்துல எவளுக்குச்
சம்பளம் குடுக்குறாக?"
வரிசை முழுக்கச் சிரிப்பு.
சூப்பர்வைசர் முனியராஜ்
கதவுக் கண்ணாடியில் முகம் வைத்தார்.
சிரிப்பு நின்றது.
நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

பத்தரை மணி டீக்கு அவர்கள் வெளியே போக,
எனக்கு மேனேஜர் அறையில் பிஸ்கட்.
"ரிசல்ட் வந்ததும் ஒரு காப்பி குடுங்க மேடம்,
யார் யார் என்ன போட்டிருக்காங்கன்னு பாக்கணும்."
பெயர் கேட்கவில்லை சார், என்றேன்.
"உக்காந்த வரிசை தெரியுமே" என்றார்.
கதவு திறந்துதான் இருந்தது.

தாள்கள் திரும்பி வந்தன
நண்டு நீர் பட்டு ஓரம் சுருண்டு.
விடுதி அறைக்கு எறும்பு வந்தது.
கொடியில் போட்டுக் காயவைத்து
கணினியில் ஏற்றினேன்.
மூன்று.
மூன்று.
மூன்று.
முப்பத்திரண்டு கூற்றுக்கும் மூன்று,
நாற்பத்தொரு தாளிலும் மூன்று.
ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.
வயது என்ற இடத்தில் மட்டும்
யாரோ முப்பத்தொன்றை அடித்து
இருபத்தொன்பது ஆக்கியிருந்தார்.

மென்பொருள் சொன்னது:
மாறிகள் மாறவில்லை,
ஒட்டுறவுக் கெழு கணக்கிட இயலாது.
நெறியாளர் சொன்னார்:
"அசட்டையா டிக் அடிச்சிருக்காங்கம்மா.
தூக்கிப் போட்டுட்டு
தூத்துக்குடி பக்கம் போய் வேற எடு."

போடுவதற்கு முன்
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஏழாம் தாளில், ஐந்தில் விழுந்த டிக்கை
நகத்தால் சுரண்டியிருந்தது.
பன்னிரண்டாம் தாளில், பதினான்காவது கூற்றுக்கு
ஒன்றின் மேல் தாள் கிழிய ஒரு அழுத்தம்,
அதையும் அடித்து, பக்கத்தில் மூன்று.
டீக்கு முன்னால் எழுதியவை அவை.
பத்தரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில்
ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால்
ஒரு பொதுக்குழு கூடிக் கலைந்திருக்கிறது.
தீர்மானம் உண்டு.
மினிட்ஸ் இல்லை.
தலைவர் யாரென்று இன்றுவரை தெரியாது.
செலவு நாற்பத்தொரு டீ.

உத்தி என்பதற்கு
என் இரண்டாம் அத்தியாயத்தில்
பதினேழு வரையறைகள்,
எல்லாம் மேற்கோள் குறியோடு, ஆண்டோடு.
ஒன்றில்கூட டீ இல்லை.

தூத்துக்குடியில் நல்ல தாள்கள் கிடைத்தன.
அழகாக மாறின.
கெழு வந்தது, அதன் தலையில்
இரண்டு நட்சத்திரக் குறியும் வந்தது.
வேதாளை
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடிக்குறிப்பு.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர்
அந்த அடிக்குறிப்பில் விரல் வைத்தார்.
"இங்க எத்தனை பேர்?"
நாற்பத்தொன்று.
"பயன்பட்ட பதில்?"
ஒன்று, சார்.
நெறியாளர் இருமினார்.
பூஜ்யம் என்று திருத்துவேன் என
எல்லாரும் கொஞ்சம் காத்திருந்தார்கள்.
பிறகு அடுத்த ஸ்லைடு போடச் சொன்னார்கள்.
போட்டேன்.