பின்னணியத்தில் ஒரு தலையணை

வியாழக்கிழமை ரிப்போட் வரும் எண்டவை.
இண்டைக்குத் திங்கள்.
தெல்லிப்பழையிலை பஸ் ஏறினது தெரியும்,
சுன்னாகம் எப்ப கடந்தது எண்டு தெரியாது.
சேலைத் தலைப்புக்குக் கீழ விரல்
அந்தக் கடலையளவுக் கட்டியைத்
தேடிக்கொண்டே வந்தது.

யோக்கிம் தொழிலுக்குப் போட்டார்.
அவருக்கு இன்னும் சொல்லேல்லை.
காஸ் பூட்டினனானோ எண்டு
மூண்டுதரம் எழும்பிப் பாத்தாச்சு.
பூட்டித்தான் கிடக்கு.
சீட்டுக்காசு பதினெட்டாயிரம் கட்டக் கிடக்கு.
சின்னவனுக்கு ஆர் முட்டை அவிச்சுக் குடுக்கிறது,
மஞ்சள் கரு இறுகினால் தொடமாட்டான்.

"விசுவாசம் இருந்தால் பயம் வராது"
எண்டா எமில்டா அக்கா.
எனக்கு வந்தது.
அப்ப விசுவாசம் இல்லையாக்கும் எண்டு
அதுக்கும் சேத்துப் பயந்தன்.

நேற்றுப் பூசையிலை படகுக் கதை.
காத்தும் அலையும் சீடர்மார் கத்தினதும்
பாசையூரிலை ஒருத்தருக்கும்
விளங்கப்படுத்தத் தேவையில்லை.
ஆனா அந்தத் தலையணை?
எங்கட போட்டிலை வலை கிடக்கு,
ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய்க் கான்,
தண்ணி கோலுற வெட்டின போத்தல்.
தலையணை கிடந்ததில்லை.

ஆர் ஏத்திவிட்டது அதை?
சீடர்மாரிலை ஆரின்ரயோ மனிசியாத்தான் இருக்கும்.
"களைச்சுப்போய் வாறார்,
தலைக்குக் குடுங்கோ" எண்டிருப்பாள்.
அண்டிரவு காத்து மாறினதைக் கேட்டு
கரையிலை அவளும் முழிச்சிருந்திருப்பாள்.
அவளைப் பற்றி
வேதத்திலை ஒரு வரியும் இல்லை.

ஆண்டவரே,
உம்மைத் தட்டி எழுப்பினவைக்கு நீர் ஏசினதை
சுவாமி நெடுக விளங்கப்படுத்தினார்.
எனக்கு மற்றதுதான் பிடிபட்டது:
முதல்ல எழும்பினீர்.
காத்தை அடக்கினீர்.
பிறகுதான் ஏசினீர்.

பயந்தவையையும் அதே படகிலைதானே
அக்கரைக்குக் கொண்டுபோனீர்?
ஒருத்தரையும் இறக்கிவிடேல்லையே.

இண்டைக்கு நான் உம்மை எழுப்பேல்லை.
கத்தவும் சீவன் இல்லை.
கொஞ்சம் தள்ளிப் படும்.
அந்தத் தலையணையின்ர ஓரத்திலை
எனக்கும் ஒரு சாண் விடும்.
வியாழக்கிழமை கடுதாசியிலை
என்ன எழுதிக் கிடந்தாலும்
நீரும் பக்கத்திலை இருந்து வாசியும்.

வெளியிலை காத்து நிக்கேல்லை.
கூரைத் தகரம் அடிச்சபடி.
காஸ் அடுப்பு நாலாந்தரமும் கூப்பிட்டது.
நான் போகேல்லை.

திருந்தாதி மணிக்குத்தான் கண் முழிச்சன்.
செவ்வாய்க்கிழமை.
முட்டைக்குத் தண்ணி வைச்சன்.