கிராசியாஸ் என்றால் போதும்

பைசாண்டு நகரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்
எங்கள் மெக்கானிக் கடை.
நான்கு ஆண்கள், கணக்கெழுத நான்,
எல்லோருக்குமாக ஒரே சுரைக்குடுக்கை.

பத்து மணிக்கு கிளெபர்
மாத்தே இலைத்தூளை முக்கால் மட்டம் போட்டு
கொதி வருமுன் இறக்கிய நீரை
ஓரமாக விடுவான்.
முதல் சுற்று அவனுக்கு.
அதுதான் கடுங்கசப்பு, முட்டாளின் பங்கு.
உறிஞ்சி முடித்து, மறுபடி நிரப்பி
குழலின் வாய் நம்மைப் பார்க்கும்படி
திருப்பி நீட்டுவான்.
வில்மர், ஓஸ்வால்தோ, நான்,
எடுபிடிப் பையன் ஜோனாத்தன்.
குழலைத் துடைத்தால் மரியாதைக் குறைவு.
சிகரெட் நாற்றமும் போன வாரத்துச் சளியும்
அதே குழலில் போய் வந்தன.
எச்சில் என்ற சொல்
எங்கள் கடைக்குள் வந்ததில்லை.

போதும் என்றால் கிராசியாஸ் சொல்ல வேண்டும்.
சொன்னவரைத் தாண்டிப் போய்விடும் அடுத்த சுற்று.
அதனால் அந்த நன்றியை
முடிந்தவரை தள்ளிப்போட்டோம்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை
ரேடியோ சொன்னது.
திங்களன்று ஐந்து குடுக்கைகள்,
ஐந்து பிளாஸ்குகள்,
டயரில் குறி போடும் மஞ்சள் சாக்கட்டியால்
ஐந்து பெயர்கள்.
என்னுடையதில் 'நிப்யா' என்று எழுதியவன்
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
அடியில் தொங்கவிட்டிருந்தான்.

காலை முத்தம் போயிற்று.
முழங்கையால் இடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.
நாளெல்லாம் வண்டிக்கடியில் ஊன்றிக் கிடப்பவர்களுக்கு
உடம்பிலேயே அழுக்கான இடம் முழங்கைதான்.
என் வெள்ளை ஸ்வெட்டரில் இரண்டு கறை
இன்னும் போகவில்லை.

ஒரு காரின் நீளத்துக்கு ஒரு ஆள் என்று உட்கார்ந்தோம்.
கிளெபர் நிரப்புவான்,
பழக்கதோஷத்தில் குழலை வெளிப்பக்கம் திருப்புவான்,
கை பாதி தூரம் போகும்.
பிறகு தன் பக்கமே திருப்பிக்கொள்வான்.
நாங்கள் பார்க்காத மாதிரி
ஸ்பானரைத் தேடுவோம்.

அக்டோபரில் ஓஸ்வால்தோவின் குடுக்கையை
எறும்பு மொய்த்தது.
"சர்க்கரையா?"
"எப்போதும் அப்படித்தான். வீட்டில்."
இருபத்திரண்டு வருடம் எங்களோடு உட்கார்ந்து
முகம் சுளிக்காமல் கசப்பைக் குடித்தவன்.
அன்றைக்கே வில்மர் ஆரஞ்சுத் தோலை ஒப்புக்கொண்டான்.
ஜோனாத்தனின் பிளாஸ்கில் இருந்தது காப்பி.
எனக்குத் தாங்குவது இரண்டு சுற்று என்று
நானும் கண்டுபிடித்திருந்தேன்.
சொல்லவில்லை.

நோய் ஓய்ந்தது, அல்லது
ஓய்ந்ததாகச் சொன்னார்கள்.
பழைய குடுக்கைக்குள் பூஞ்சை.
கிளெபர் கரண்டியால் சுரண்டி
மூன்று நாள் வெயிலில் கவிழ்த்தான்.
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

எல்லைப் பாலம் திறந்த வாரம்
பத்து மணிக்கு அதை நிரப்பினான்.
முட்டாளின் பங்கைக் குடித்தான்.
மறுபடி நிரப்பி வில்மரிடம் நீட்டினான்.
வில்மர் அதைப் பார்த்தான்.
ஓஸ்வால்தோ தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்,
அதில் சர்க்கரைப் பொட்டலம்.
நான் கூட்டிக்கொண்டிருந்த எண்ணை
முதலிலிருந்து கூட்டினேன்.
கை அந்தரத்தில் நின்றது.

கிளட்ச் மாற்ற வந்திருந்தார்
அக்கரையிலிருந்து ஒரு லாரி டிரைவர்,
அர்ஜென்டினாக்காரர், பெயர்கூடத் தெரியாது.
தனக்குத்தான் நீட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு
வாங்கினார்.
குழல் கொர்ரென்று சத்தம் போடும்வரை
நிதானமாக உறிஞ்சினார்.
சாலை மோசம் என்றார்,
மழை இல்லை என்றார்.
குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

கிராசியாஸ் மட்டும் சொல்லவில்லை.

கிளெபர் பிளாஸ்கைத் திறந்தான்.
வில்மர் டயரை இழுத்துப் போட்டுக்கொண்டு
கொஞ்சம் கிட்டே வந்தான்.
நான் என் கையை மட்டும்
பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.