உப்பு மீட்டர்

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி
இடப்பக்கம் இறங்கும் மண்சாலையில்
மூன்றாவது ஷெட் எங்களுடையது.
பெயர்ப்பலகை இன்னும் மாட்டவில்லை.

மட்டையடித்து நார் எடுத்தவர்கள்
மிச்சமான தூளை மேடாகக் குவித்து
ராத்திரியில் கொளுத்துவார்கள்.
எரியாது, அணையாது,
மூன்று நாள் புகையும்.
துணி காயப்போட வழியில்லாத
அப்படியொரு மூன்று நாளில்தான்
தில்சாத் கேட்டாள்:
எரியறதுக்கே இவ்ளோ அடம்னா
தண்ணியை எவ்ளோ நாள் விடாம புடிச்சிருக்கும்?

வங்கியில் பெயர் கேட்டார்கள்.
வேண்டா, என்றேன்.
அதிகாரி ஃபைலை மூடப் போனார்.
பேரு சார் அது.
நாலாவதும் பொண்ணாப் பொறந்தா
எங்க பக்கம் வைக்கிற பேரு.
கடன் வேணும்.

இரண்டு கம்மல், ஒரு ஹைட்ராலிக் பிரஸ்,
ஐந்து கிலோக் கட்டிகள் இருநூற்று நாற்பது.
ஓசூர் ரோஜாப் பண்ணையில்
ஒரு பையன் கட்டியைக் கரைத்து
பேனா போல எதையோ முக்கினான்.
ஒன்று புள்ளி ஒன்பது.
அரைக்குக் கீழே இருக்கணும்க்கா,
இதில் வேர் கருகிடும்.
போன லாரியே திரும்பி வந்தது,
இரண்டு வாடகையோடு.

கிணற்றுத் தண்ணீரில் அலசினோம்.
இரண்டு புள்ளி ஒன்று.
மறுபடி அலசினோம்.
இரண்டு புள்ளி நாலு.
நாங்களும் ஒரு மீட்டர் வாங்கினோம், கடன் சொல்லி.
தில்சாத் அதைத் தெருக்குழாயில் முக்கினாள்,
கேன் தண்ணீரில், ரசத்தில்,
ஒருநாள் அழுகிற பேரனின் கன்னத்தில்.
கடைசியாகத்தான் கிணற்றில் முக்கினாள்.
பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

தோல் ஊறிய தண்ணீர்
எந்த வழியாக வந்ததென்று
எனக்குத் தெரியும்.
பதினோரு வருஷம் என் வீட்டுக்காரர்
ஆம்பூரில் உப்புத் தட்டிய கைக்காரர்.
அந்தக் கூலியில் வாங்கியதுதான்
அடகில் இருக்கிற கம்மல்.
யாரைத் திட்டுவது?

தென்னைக்கு உப்பு ஒத்துக்கொள்ளும் என்று
அகரம்சேரிக்காரர் ஒருவர்
பாத்தியில் போடக் கட்டிகளை எடுத்துப்போனார்,
ஒன்று முப்பது ரூபாய், பாதி பாக்கி.
தேங்காயிலிருந்து வந்தது
தென்னங்காலுக்கே போயிற்று,
நடுவில் எங்கள் வட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு.

ஆவணியில் ஒரு ராத்திரி
ஒன்றேகாலுக்கு இடி.
போன் அடிப்பதற்குள் தில்சாத் வாசலில் நின்றாள்,
தலையில் உரச்சாக்கு.
ஊரே காயப்போட்டதை அள்ளி உள்ளே ஓட
நாங்கள் மட்டும் மூட்டை மூட்டையாய் வெளியே இழுத்தோம்,
பாலிடெக்னிக் படிக்கிற அவள் மகன் திட்டிக்கொண்டே
மண்வெட்டியால் பரப்பினான்.
டிகாக்ஷன் நிறத்தில் வழிந்தோடியது.
விடிய விடிய வழிந்தோடியது.

காலையில் புள்ளி ஏழு.
ரோஜாவுக்குப் போதாது.
கணியம்பாடி நர்சரியில் மிளகாய் நாற்றுக்குப் போதும்;
எண்பது கட்டி கேட்டார்கள்.

போன வாரம் அதிகாரி பார்வையிட வந்தார்.
மூலப்பொருள் என்ற கட்டத்தில்
தூள் என்று எழுதி
வேறென்ன, என்றார்.
மழை, என்றேன்.
அதற்கு ரசீது உண்டா என்றவர்
தானே கொஞ்சம் யோசித்து
பேனாவை மூடினார்.
ஷெட் கூரையை இன்னும் இருபதடி நீட்டி
கீழே ஒரு தொட்டி கட்டக் கேட்டிருக்கிறோம்.
பார்க்கலாம் என்றார். அவர்கள் எப்போதும் சொல்வதுதான்.

ஐந்தாம் தேதி தவணை.
ஒடுகத்தூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.
பக்கத்து ஷெட்டில் தார்ப்பாய் விரிக்கிறார்கள்.
எங்களுடையதைச் சுருட்டு, என்கிறாள் தில்சாத்.