பத்தொன்பதாம் நாள்

அறுபது பாகைச் சூட்டில்
ஒன்பது புட்டிகள் மூப்படைந்துகொண்டிருக்கின்றன.
அடுப்புக்குள் ஒரு நாள்
அலமாரியில் ஒரு மாதம் என்பது எங்கள் கணக்கு.
வெளியே தார்த்து நகரம், பிப்ரவரி;
உறைந்த ஆற்றின் மேல் யாரோ நாயை நடத்திப் போகிறார்கள்.

பிர்ச் மரத்தூளின் சர்க்கரையைத் தின்று
ஈஸ்ட் தன் சின்ன வயிற்றில் சேர்த்த கொழுப்பு இது.
இதற்காக எந்தக் காடும் பனந்தோட்டமாகவில்லை.
அதெல்லாம் சரி, என்றார் ஹெல்வே,
கெடாமல் இருக்குமா?

இறக்கியபோது அது செந்நிறம்,
கேரட்டை அரைத்து வெயிலில் வைத்ததுபோல்.
வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள்:
முகக்களிம்புக்குச் சிவப்பு ஆகாது.
களிமண் தூளிட்டு வெளுத்தோம்.
மூன்று முறை.
கடைசியில், தண்ணீரென்று குடித்துவிடத் தோன்றும் தெளிவு.
அன்று கேக் வெட்டினோம்.
ராய்வோ பாடக்கூடச் செய்தான்.

ஏழாம் நாள் ஒன்றுமில்லை.
பன்னிரண்டாம் நாள் ஹெல்வே மூடியைத் திறந்து
மூக்கை வைத்தார், மீண்டும் வைத்தார்.
"பழைய மெழுகுப் பென்சில்."
எழுதிக்கொண்டேன்.

பத்தொன்பதில் காறிவிட்டது.
அயோடினின் நீலம் போகத்
துளித்துளியாய் விட்டுக்கொண்டே இருந்தேன்.
பியூரெட்டில் பாதி இறங்கியும் போகவில்லை நீலம்.
கை நடுங்கியது என்று எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.

அடுப்பைத் துடைக்கும்போதுதான் கண்டேன்,
பின்மூலையில் பத்தாவதாக ஒரு புட்டி.
பெயரில்லை, அதே தேதி மட்டும்.
வெளுக்காத மிச்சம்,
எறிய மறந்து யாரோ உள்ளே வைத்தது.
முகர்ந்தேன்.
ஈர மரம் போல லேசாக ஏதோ;
அதுவும் என் கையுறையின் வாடையாக இருக்கலாம்.
நான்கு துளியில் நீலம் போய்விட்டது.

காற்று கடிக்க வந்தபோதெல்லாம்
அந்தச் சிவப்புதான் முன்னே போய்க் கடிபட்டிருக்கிறது.
நாங்கள் அதை அழுக்கு என்று கணக்கெழுதி
களிமண்ணோடு குப்பையில் கொட்டியிருந்தோம்.

வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்று
எங்களுக்குத் தெரியாதா?
தெரியும்தான். விலைப்பட்டியலுக்குத் தெரியாது.

நாளை பத்து மணிக்கு அவர்கள் அழைப்பார்கள்.
கொஞ்சம் வைட்டமின் ஈ சேர்ப்போம் என்கிறான் ராய்வோ,
நிறமும் வராது, பேச்சும் வராது.
ஹெல்வே ஒரு துளி சிவப்பைப்
புறங்கையில் தேய்த்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
கழுவினால் போய்விடும், என்கிறார்.
கழுவவில்லை.