சதுரத் துளைக் காசு

குருநகர் இறங்குதுறையில்
கடலட்டை நிறுக்கும் கொட்டகை.
தராசு என் பொறுப்பு.
இரவு முழுக்கச் சுழியோடிவிட்டு
விடியப்புறம் வந்த சந்தியோகு
நாற்பத்திரண்டு அட்டையோடு
ஒரு காசையும் தட்டில் போட்டான்.
"இதுக்கும் விலை சொல்லுங்கோ அக்கா."

அல்லைப்பிட்டிப் பக்கம்
மூன்று பாகத் தண்ணீரில் கிடந்ததாம்.
பச்சை பிடித்திருந்தது.
நடுவில் சதுரமாய் ஒரு துளை,
சுற்றிவர நாலு எழுத்து.
தும்பியின் கால்போல மெலிந்து
நுனியில் மட்டும் பாரம் ஊன்றும் எழுத்து.

எங்கள் அரசர் காசென்றால்
நந்தி படுத்திருக்கும்,
கீழே சேது என்று கிடக்கும்.
இது வேறு கடல்.

கம்பனிக் கணக்கர் லியாங்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
காசை மூக்கோடு ஒட்டிப் பார்த்தார்.
அவர் கதைத்ததைக் கைபேசி
ஒரு பெண்குரலில் தமிழாக்கியது,
எழுவாய் ஓரிடம் பயனிலை ஓரிடமாய்:
"அரசர் எழுதியது. அவர் சொந்தக் கை.
தொள்ளாயிரம் ஆண்டு."

தன் காசுக்குத் தானே எழுத்துப் போட்டவன்.
குருவியின் கண்ணுக்கு
அரக்குச் சொட்டு வைத்துப் பார்த்தவன்.
மேடேறும் மயில்
முதலில் எந்தக் காலைத் தூக்கும் என்று
அரண்மனை ஓவியரைக் கேட்டவன்.
எல்லாரும் பிழையாய்க் கீறினார்களாம்.

தோட்டத்துக்கு ஒரு பாறை வேணும் என்றான்.
ஆற்று வழியே வந்தது.
பாலம் இடித்தது, பாலத்தை உடைத்தார்கள்.
மதில் இடித்தது, மதிலை உடைத்தார்கள்.
ஊர் பட்டினி கிடந்து பாறையைப் பார்த்தது.
(எங்கள் வீட்டுச் சுவரும்
பங்கருக்கென்று கல்லுக் கல்லாய்ப் போனதுதான்.
அது தோட்டத்துக்கில்லை.)

பிறகு வடக்கிலிருந்து குதிரைகள்.
அவசரமாய் அங்கியைக் கழற்றி
மகனுக்கு உடுத்திவிட்டான்.
அரசு என்பது கழற்றக்கூடியது,
அதற்குள் இருந்த உடம்பைத்தான்
ஒளிக்க முடியவில்லை.
கொண்டுபோனார்கள், அவனை, மகனை,
வீட்டாரை, சமையற்காரரை, நட்டுவரை,
பட்டியலிட்டு.
நல்லூரில் பிடித்துக்
கோவாவுக்குக் கப்பலேற்றியவனை நினைத்தேன்.
அவனோடு போனவர்களை
யார் எண்ணினார்கள்?

கைபேசி ஒருமுறை திக்கியது.
லியாங் மெதுவாகத் திரும்பச் சொன்னார்.
கேட்ட பொன்னைக் கொடுக்க இயலாமல்
பெண்களுக்கு விலை போட்டார்களாம்.
இளவரசி ஒருத்திக்கு ஆயிரம் பொற்கட்டி.
மற்றவளுக்குக் குறைய.
அதற்கும் குறைய இன்னொருத்திக்கு.

தராசுத் தட்டில் இருந்த என் கை
தானாக இறங்கிவிட்டது.

தம்பிக்கு ஒரு தொகை தருவதாய்
அலுவலகத்திலிருந்து வந்த கடிதம்
தலையணை உறைக்குள் இருக்கிறது.
பெயர், பிறந்த திகதி,
கடைசியாய்க் கண்ட இடம்.
கையெழுத்துக்கென்று ஒரு புள்ளிக்கோடு.
மூன்று வருஷமாய்
கோடு கோடாகவே கிடக்கிறது.

சிறைபிடித்தவர்கள் அவனுக்குப்
புதிதாய் ஒரு பட்டம் கொடுத்தார்கள்.
மயங்கிய அறத்தின் கோமகன்.
அந்தப் பெயரோடு பனிநாட்டில்
எட்டு வருஷம் இருந்து செத்தான்.
அங்கேயும் எழுதினானோ தெரியாது.
எழுதியிருப்பான்.
கை சும்மா இருக்காது.

லியாங் காசை என் பக்கம் தள்ளினார்.
எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
கிலோக் கணக்கில் நிறுக்கிற தராசு,
வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
கொப்பியில் எழுதினேன்:
அட்டை நாற்பத்திரண்டு.
காசு ஒன்று, விலை போடவில்லை.

சந்தியோகு அதை வாங்கி
துளைக்குள் தங்கூசி கோர்த்து
கழுத்துச் சுரூபத்தோடு சேர்த்துக் கட்டினான்.
ஐஸ்காரன் கத்திக்கொண்டிருந்தான்.
அட்டை அவிக்கும் பீப்பாவில் புகை.

வள்ளத்தடியில் நின்று கூப்பிட்டான்.
"அக்கா, அந்த மயில், எந்தக் காலாம்?"

"இடது" என்றேன்.

ஓம் என்று தலையாட்டிவிட்டு
வலது காலை வைத்துத்தான்
வள்ளம் ஏறினான்.